பிராண்டிஸ் முடிக்காத பணி

திருவட்டாறுக்கு வடகிழக்கே பேச்சிப்பாறை மலைகளை இன்று நிர்வகிக்கும் வனத்துறையின் கட்டமைப்புக்கு அடித்தளமிட்டவர் ஒரு ஜெர்மானியத் தாவரவியலாளர். 1824-இல் பான் நகரில் பிறந்த டீட்ரிச் பிராண்டிஸ், 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பேற்றார். மரங்களைக் கணக்கெடுத்து, வளர்ச்சிக்கு ஏற்பவே வெட்டும் முறையை அங்கு வகுத்தார். 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியானார். பயிற்சி பெற்ற அலுவலர்களைக் கொண்டு துறையைக் கட்டியமைத்தார். 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி உருவாகக் காரணமானார்.

அரசுக் காடுகளோடு கிராமங்களுக்கென்றும் காடுகள் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடமிருந்தும் நடைமுறையில் அரசின் பிடியே இறுகியது. அச்சட்டத்தை ஏற்கத் தயங்கிய சென்னை மாகாணத்துக்கு வந்து, 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் உருவாக அவர் உதவினார். 1907-இல் பானில் மறைந்தார்.

அன்று திருவிதாங்கூரில் இருந்த நம் மலைகள் 1956-இல் தமிழகத்தோடு இணைந்தன. அங்கு வாழும் காணி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக உரிமையை அளிக்கிறது. வனத்துறையைச் சீரமைப்பது பதவிகளையும் கோட்டங்களையும் மாற்றி வரைவதோடு முடிந்துவிடாது. காட்டைக் காக்கும் முடிவுகளில் அம்மக்களின் கிராம சபைக்கும் இடம் கிடைத்தால்தான் பிராண்டிஸ் தொடங்கிய பணி நிறைவுறும்.