பிரெஞ்சுக் கொடியின் நிழலில் பாரதி

பாரிஸில் வாழும் என் பழைய மாணாக்கன் அந்நாட்டு ரொட்டியையும் திரைப்படங்களையும் வியந்து எழுதுவான். முடிவில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பனைகளை விசாரிப்பான். படிக்குந்தோறும் பாரதியாரை நினைக்கிறேன்.

அவர் பிரான்ஸைக் கண்டவரல்லர். ஆயினும் 1908இல் ஆங்கிலேயர் சிறைக்குத் தப்பி, பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவையில் அடைக்கலம் புகுந்தார். பிரெஞ்சு மொழியைப் பயின்றார். அந்நாட்டுத் தேசிய கீதத்தைத் தமிழாக்கினார். உணவினும் அதுவே அவருக்கு உவந்த விருந்து என்பேன். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் அங்கேதான் பிறந்தன.

ஆனால், விருந்தாளிக்கு வீட்டு நினைவு ஓயுமா? அவர் ஆசிரியராயிருந்த ‘இந்தியா’ இதழ் ஆங்கிலேய எல்லையில் தடுக்கப்பட்டு, 1910இல் நின்றது. பத்தாண்டு பொறுத்தவர், 1918 நவம்பரில் எல்லை கடந்தார், கடலூரருகே கைதானார். சில வாரங்களில் விடுதலை கிடைத்தது. எஞ்சியிருந்த வாழ்வு மூன்றாண்டுக்கும் குறைவே. 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார்.