சிசிர் குமார் மித்ரா

சிசிர் குமார் மித்ரா (அக்டோபர் 24, 1890 – ஆகஸ்ட் 13, 1963) ஓர் இந்திய இயற்பியலாளர் ஆவார். வளிமண்டலத்தின் மேலடுக்குகள் வானொலி அலைகளை எவ்வாறு திருப்பி அனுப்புகின்றன என்பதை ஆராய்ந்தவர். இந்தியப் பல்கலைக்கழகக் கல்வியில் வானொலி அறிவியலை ஒரு தனிப் பாடமாக வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர். ஓர் அலைப்பட்டை பகலில் அடங்கி இரவில் உயிர்பெறுவதும், மற்றொன்று பகலில் மட்டும் கடல் கடந்து கேட்பதும் ஏன் என்று வினவும் அமெச்சூர் வானொலி மாணவர், இவர் ஆராய்ந்த துறைக்கே வந்து சேர்கிறார். 1946 இல் இவர் விளக்க முயன்ற ஒரு புதிர், திருநெல்வேலியின் மேலுள்ள வானத்துடன் நேரடித் தொடர்புடையது.

இளமையும் கல்வியும்

மித்ரா ஒரு வங்காளக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ண மித்ரா ஆசிரியர். தாயார் சரத்குமாரி, பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த அக்காலத்தில் மருத்துவம் பயின்று, பாகல்பூரில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றினார். மித்ராவின் பள்ளிப்படிப்பு பாகல்பூரில் அமைந்தது. பின்னர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஜகதீஷ் சந்திர போஸிடம் பணியாற்றிய பின் பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தார்.

1916 இல் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனின் குழுவில் ஒளியின் குறுக்கீடு, விளிம்பு விலகல் ஆகியவற்றை ஆராய்ந்து 1919 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1920 இல் பாரிஸ் சென்று சார்ல் ஃபேப்ரியின் வழிகாட்டுதலில் நிறமாலையியலில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். மேரி கியூரியின் ரேடியம் நிறுவனத்திலும் சிறிது காலம் பணியாற்றினார்.

துறை மாற்றம்

பாரிசிலிருந்து நான்சி நகருக்குச் சென்றபோது இவரது வாழ்க்கை திசை மாறியது. அங்கு கமீல் குத்தோன் வானொலி வெற்றிடக் குழாய்களைக் கொண்டு செய்துவந்த ஆய்வுகள் இவரை ஈர்த்தன. அதுவரை ஒளியியலில் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றிருந்த மித்ரா, தமது முப்பத்து மூன்றாம் அகவையில் அத்துறையை விட்டு வானொலிக்கு மாறத் துணிந்தார். கம்பியில்லாத் தொடர்பைக் கல்கத்தாவில் முதுநிலைப் பாடமாக்க வேண்டும் என்று அசுதோஷ் முகர்ஜிக்கு எழுதி, அவரது ஆதரவைப் பெற்றார். 1923 இல் நாடு திரும்பியதும் கைரா பேராசிரியராகப் பொறுப்பேற்று, வானொலி ஆய்வுக்கூடம் ஒன்றை உருவாக்கினார்.

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து டூ-சீ-இசட் என்ற அழைப்புக்குறியுடன் நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. 1927 ஆகஸ்டில் இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் கல்கத்தா நிலையம் தொடங்குவதற்கு முந்தைய முயற்சி இது. தென்னாட்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 இல் தொடங்கிய ஒலிபரப்பும் இதைப் போன்று ஆர்வலர்களின் முயற்சியே ஆகும்.

அயனிமண்டல ஆய்வு

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. இதனால் மின்னேற்றம் பெற்ற பகுதியே அயனிமண்டலம். இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் 1924 இல் இதற்கு நேரடிச் சான்று கண்டார். மித்ராவின் குழு 1930 இல் வங்காளத்தின் மேல் ஈ அடுக்கு இருப்பதற்கான சோதனைச் சான்றைப் பெற்றது.

இவ்வாய்வின் அடிப்படை எளிது. வானை நோக்கி ஒரு குறுகிய வானொலித் துடிப்பை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்க வேண்டும். வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. செல்கிறது. எதிரொலி நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்தில் திரும்பினால், அலை போய்வந்த தொலைவு 600 கி.மீ.; அடுக்கின் தோற்ற உயரம் 300 கி.மீ. அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தினால் ஒரு கட்டத்தில் எதிரொலி நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட அலைகள் அந்த அடுக்கைத் துளைத்துச் சென்றுவிடுகின்றன. அந்த எல்லை, மாறுநிலை அதிர்வெண் எனப்படும். அடுக்கில் எலக்ட்ரான்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்பதை இதிலிருந்து கணக்கிடலாம்.

அமெச்சூர் அலைப்பட்டைகள்

அமெச்சூர் வானொலியில் அலைப்பட்டைகள் அலைநீளத்தால் பெயர் பெறுகின்றன. 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸ் ஏறத்தாழ 42 மீட்டர். ஆகவே அது 40 மீட்டர் பட்டையைச் சேர்ந்தது. மித்ரா ஆராய்ந்த அடுக்குகளைக் கொண்டு இப்பட்டைகளின் இயல்பைப் பின்வருமாறு விளக்கலாம்.

80 மீட்டர் (3.5 மெகாஹெர்ட்ஸ் முதல்): பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்திலுள்ள டி அடுக்கு இவ்வலைகளைப் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைவதால் இரவில் தொலைதூரம் கேட்கும்.

40 மீட்டர் (7.0 – 7.2 மெகாஹெர்ட்ஸ்): பகலில் சில நூறு கி.மீ. தொலைவுக்கு ஏற்றது. திருநெல்வேலியிலிருந்து சென்னையுடன் பேசுவதற்கு உகந்தது. இரவில் அயல்நாட்டு நிலையங்களும் கேட்கும்.

20 மீட்டர் (14.0 – 14.35 மெகாஹெர்ட்ஸ்): 150 கி.மீ.க்கு மேலுள்ள எஃப் அடுக்கினால் திருப்பப்பட்டு, ஒரே தாவலில் 3,000 கி.மீ. வரையும் செல்லக்கூடியது. அருகிலுள்ள ஊரைத் தாண்டிக் குதித்துவிடுவதும் உண்டு.

10 மீட்டர் (28.0 – 29.7 மெகாஹெர்ட்ஸ்): ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியின் உச்சத்தில் சிறிய ஆற்றலிலேயே கண்டம் தாண்டும். சுழற்சி தணிந்த ஆண்டுகளில் பெரும்பாலும் அமைதியாகிவிடும்.

2 மீட்டர் (144 – 146 மெகாஹெர்ட்ஸ்): அயனிமண்டலத்தைத் துளைத்துச் செல்வதால் பெரும்பாலும் நேர்பார்வைத் தொலைவுக்கே பயன்படும். தாமிரபரணிச் சமவெளி முழுவதும் எளிதில் பேச முடிந்தாலும், நேர்கோட்டில் 100 கி.மீ.க்கும் குறைவான தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தை அடைவதற்குப் பொதிகை மலைத்தொடர் தடையாகிறது.

இந்தியாவில் மைய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இப்பட்டைகளில் ஒலிபரப்பலாம்.

காந்த நடுக்கோட்டுப் புதிரும் திருநெல்வேலியும்

சூரியன் உச்சியில் நிற்கும் வெப்பமண்டலத்தின் நடுவில்தான் எஃப் அடுக்கு மிகவும் செறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1946 இல் ஆப்பிள்டன் வெளியிட்ட அளவீடுகள் இதற்கு மாறாக இருந்தன. புவியின் காந்த நடுக்கோட்டின் மேல் செறிவு குறைந்தும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 15 பாகை தள்ளி மிகுந்தும் காணப்பட்டது. அதே ஆண்டில் மித்ரா ஒரு விளக்கம் தந்தார். நடுக்கோட்டின் மேல் மிக உயரத்தில் உருவாகும் மின்துகள்கள், புவியின் காந்தவிசைக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து இறங்குகின்றன என்பது அக்கருத்து.

இவ்விளக்கம் முழுமையானதாக அமையவில்லை. அத்தனை உயரத்தில் தேவையான அளவு மின்துகள்கள் தாமாகவே உருவாவதில்லை. பகலில் கிழக்கு நோக்கிய மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அவற்றை மேலே தூக்குகின்றன என்பதைப் பிறர், குறிப்பாக மார்ட்டின், பின்னர் சேர்த்தனர். மேலே எழுந்து, இருபுறமும் வழிந்து இறங்கும் இந்நிகழ்வு நீரூற்று விளைவு என்று வழங்கப்படுகிறது. வழிந்து இறங்கும் பகுதிக்கான மித்ராவின் கருத்து அதில் நிலைத்துவிட்டது.

மித்ரா வாழ்ந்த கல்கத்தா, செறிவு மிகுந்த வடக்கு முகட்டின் அருகில் உள்ளது. திருநெல்வேலியோ காந்த நடுக்கோட்டின் மிக அருகில், இரு முகடுகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் அமைந்துள்ளது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தனது ஆய்வகத்தை நிறுவியதற்கு இந்த இருப்பிடமே காரணம். அங்கு 1992 இல் இயங்கத் தொடங்கிய ரேடார் 1.98 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அமெச்சூர்களின் 160 மீட்டர் பட்டையை ஒட்டிய இவ்வதிர்வெண்ணைக் கொண்டு, 100 கி.மீ.க்குக் கீழுள்ள மேல் வளிமண்டலக் காற்றோட்டம் அளக்கப்பட்டது.

இப்புதிரில் அமெச்சூர்களுக்கும் பங்குண்டு. 1947 இல் மெக்சிகோ, அர்ஜென்டினா நாடுகளின் அமெச்சூர்கள், வழக்கமாக வானத்தில் தப்பிவிடும் 50 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் மாலை வேளைகளில் ஒருவரையொருவர் கேட்டனர். நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள செறிவு முகடுகளே அவ்வலைகளை வளைத்து அனுப்பின என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று.

நிறுவனப் பணிகளும் பிற்காலமும்

நாட்டில் வானொலி ஆய்வுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று மித்ரா நெடுங்காலம் வற்புறுத்தினார். 1942 இல் வானொலி ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, அதன் தலைவரானார். 1947 இல் ஆசியக் கழகம் இவரது மேல் வளிமண்டலம் என்ற ஆங்கில நூலை வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 1952 இலும் உருசிய மொழிபெயர்ப்பு 1955 இலும் வந்தன. 1949 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கல்கத்தாவிற்கு வடக்கே ஹரிங்காட்டாவில் அயனிமண்டல ஆய்வு நிலையமும் இவரது முயற்சியால் உருவானது.

1955 இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மேற்கு வங்க இடைநிலைக் கல்வி வாரியத்தின் நிர்வாகியாகப் பணியாற்றினார். 1958 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1962 இல் பத்ம பூஷண் விருதும் தேசியப் பேராசிரியர் தகுதியும் பெற்றார். 1963 ஆகஸ்ட் 13 அன்று காலமானார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு 1970 இல் மித்ரா என்று பெயரிடப்பட்டது.