கண்டிச் சிறையில் எழுந்த ஆலயம்: புனித யோசேப் வாஸ் அடிகளார்

நமது சேரங்கோட்டில் கண்டிச் சீமையை அறியாத குடும்பங்கள் மிகக் குறைவு. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு உரியவர்கள் என்று முடிவு கட்டப்பட்டது. அந்தக் கணக்கில் அடங்கியவர்கள் கண்டி, மாத்தளை, அட்டன், நுவரெலியா, பதுளை என்று பல ஊர்களிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் நாட்களை எண்ணி, பின்னர் இந்த நீலகிரி மலைக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களும், அட்டைக் கடியிலும் ஓயாத மழையிலும் லயங்களில் வாழ்வைத் தொடங்கியவர்களும் இவர்களே. அவர்களுடைய தகரப் பெட்டிகளில் துணிமணிகளோடு ஜெபமாலையும், மடுமாதா படமும் வந்து சேர்ந்தன.

அந்தக் கண்டி மண்ணில் விசுவாசம் அணையாதபடி காத்தவர் ஒரு குருவானவர். புனித சவேரியாரையும், ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரையும் அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் இவரை அறியார். ஆகவே இம்மலரில் அவருடைய வரலாற்றை எழுதுவது பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

யோசேப் வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், கோவாவில், தாயாரின் ஊராகிய பெனாவ்லிமில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வாஸ், தாய் மரியா தெ மிராந்தா. கொங்கணி பேசும் பிராமண வகுப்பிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பம் அது. வசதிக்கும் மரியாதைக்கும் குறைவில்லை. போர்த்துக்கீசமும் இலத்தீனும் கற்று, கோவா நகரில் உயர்கல்வி முடித்து, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். குருவானதும் அவர் செய்த முதற்காரியம், காலணியைக் கழற்றி வைத்ததுதான். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், ஆகவே தாமும் அப்படியே நடப்பது என்று தீர்மானித்தார். 1677-இல் தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து, ஒரு சாசனமே எழுதிக் கையொப்பமிட்டார். 1681 முதல் மூன்று ஆண்டுகள் மங்களூர்ப் பக்கத்துக் கன்னட நாட்டில் ஊழியம் செய்தார். அங்கே திருச்சபைக்குள்ளேயே இரண்டு அதிகாரங்களுக்கிடையில் பூசல். இரு தரப்பாரும் மதிக்கும்படி நடந்துகொண்டார் என்பதே அவருடைய குணத்துக்கு நற்சான்று. பிறகு கோவா திரும்பி, 1685-இல், நம் நாட்டுக் குருக்கள் கூடி வாழ்ந்த ஓரட்டரி சபையில் சேர்ந்து, விரைவிலேயே அதன் தலைவருமானார்.

இலங்கையின் நிலைமையை இங்கே சற்று விளக்க வேண்டும். போர்த்துக்கீசரிடமிருந்து 1656-இல் கொழும்பையும், 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஒல்லாந்தர் கல்வீன் வழிச் சபையார். கத்தோலிக்கக் குருக்களையெல்லாம் வெளியேற்றினார்கள். கோயில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று 1658 செப்டம்பரில் கட்டளை பிறந்தது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும், பெரியவர்களுக்குத் திருமணமும் ஒல்லாந்தச் சபையிலேயே நடக்க வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்து மக்கள் பூசை காணவில்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப் பூசுதல் இல்லை. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு 1670-இல் மடுக் காட்டுக்குள் ஓடியது இந்தக் காலத்தில்தான்.

உண்மையை உண்மையாகவே சொல்வோம். அதற்கு முன் அதிகாரத்தில் இருந்த போர்த்துக்கீசரும் சாதுக்களல்லர். அவர்கள் சைவக் கோயில்களை இடித்ததையும், அரசாங்கப் பலத்தைக் காட்டி மக்களைத் திருமறைக்கு இழுத்ததையும் வரலாறு மறைக்கவில்லை. வாள் நிழலில் வந்த விசுவாசம் வாள் போனதும் போய்விடும் என்றே ஒல்லாந்தர் கணக்கிட்டிருப்பார்கள். பலரிடம் அது போய்த்தான் விட்டது. ஆனால் எல்லோரிடமும் போகவில்லை. ஒரு பகுதியார் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னார்கள். அந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியபோது, போகிறேன் என்று புறப்பட்டவர் சபைத் தலைவராகிய யோசேப் வாஸ் அடிகளாரே.

1686-இல் கோவாவை விட்டார். தூத்துக்குடியில் தமிழ் பயின்றார். குருவாகப் போனால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே தம் குடும்பத்தில் பணி செய்த ஜான் என்ற இளைஞனைத் துணையாகக் கொண்டு, அரையில் துண்டு கட்டிய கூலியாள் கோலத்தில் கடல் கடந்து, 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கடற்பயணமே அவரை உருக்குலைத்துவிட்டது. கரையேறியதும் கடும் வயிற்றுப்போக்கு. சாகக் கிடந்தவரை, யாரென்று அறியாத ஏழைகள் கஞ்சி வார்த்துப் பிழைக்க வைத்தார்கள். பிராமண குலத்துப் பிள்ளை, இலத்தீன் படித்த குரு, ஒரு சபையின் தலைவர். கூலி என்று அழைக்கப்பட்டு, அந்நியர் கைக் கஞ்சியில் உயிர் வாழ்ந்தார். கூலி என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நம் தோட்டத்து மக்களுக்கு, இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

உடல் தேறியதும் கழுத்தில் ஜெபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். ஜெபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் கண் கலங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை என்ற கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் மறைந்திருந்து, இரவில் ஊர் ஊராக நடந்து, விடிவதற்குள் பூசை முடித்துத் திரும்புவார். இரண்டாண்டுகள் இவ்விதம் நடந்தது.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தச் சேவகர் வளைத்துக்கொண்டார்கள். அடிகளார் அகப்படவில்லை, அகப்பட்டவர்கள் மக்கள். அவர்களில் எட்டு ஆண்கள் விசுவாசத்தை விடமாட்டோம் என்று நின்றதால் கொடிய கசையடி பெற்றார்கள். ஒருவர் அடி தாளாமல் இறந்தார். எஞ்சியவர்கள் கடின வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். துன்பத்தில் ஆசீர்வாதம் என்று பீடத்தில் நின்று பிரசங்கிப்பது எளிது. கசையடி பட்டவனின் வீட்டில் அடுத்த நாள் அடுப்பு எரிந்ததா என்று கேட்டால்தான் அதன் விலை தெரியும். மலைப்பொழிவில் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று அழைத்தது இத்தகையோரையே. ஆனால் துன்பமே நல்லது என்று அவர் எங்கும் போதிக்கவில்லை. அடித்த கை செய்தது அநீதி, அது அநீதியாகவே நிற்கிறது. அடி வாங்கியவரை ஆண்டவர் கைவிடவில்லை என்பதே நாம் பெறும் ஆறுதல். தமக்கு இடம் கொடுத்த மக்கள் மேலும் வதைபடக் கூடாதென்று அடிகளார் யாழ்ப்பாணத்தை விட்டு, கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளம் போய்ச் சேர்ந்தார்.

1692-இல் கண்டி மாநகருக்குப் புறப்பட்டார். அரசவையில் செல்வாக்குள்ள பிரெஞ்சு தேசத்துக் கல்வீன் சபையார் ஒருவர், வருகிறவர் போர்த்துக்கீச ஒற்றர் என்று மன்னரிடம் சொல்லிவிட்டார். அடிகளார் கைதியாகவே நகருக்குள் கொண்டுவரப்பட்டார். வருடக்கணக்கில் காவல். மற்றவர் மனம் உடைந்திருப்பார்கள். இவரோ அந்த நாட்களைச் சிங்களம் கற்பதில் செலவிட்டார். காவல் சற்றே தளர்ந்தபோது ஓலைக் கூரையில் ஒரு குடிசை போட்டு, அதைத் தேவமாதாவுக்கு ஒப்புக்கொடுத்து, ஆலயமாக்கிக்கொண்டார். நகரில் இருந்த கத்தோலிக்கர் முதலில் அஞ்சி அஞ்சியும், பிறகு துணிந்தும் அங்கே வந்தார்கள். அவர் மக்களைத் தேடிப் போக முடியாத நிலையில் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். சிறையே பங்காயிற்று. ஒற்றர் என்று குற்றம் சாட்டியவர் செய்த உதவி இது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு சமயம் மழை பொய்த்தது. பிக்குகளின் வழிபாட்டுக்குப் பின்னும் வானம் திறக்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் கைதியாகிய குருவையும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். திறந்த வெளியில் பீடம் அமைத்து, சிலுவை நாட்டி, முழந்தாளிட்டு அவர் ஜெபிக்கையில் பெருமழை பொழிந்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் அக்காலத்து வரலாறு கூறும். மழையை நன்கறிந்த நம் மலை மக்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்; இங்கே நாம் மழை நிற்க அல்லவா ஜெபமாலை சொல்கிறோம்! எப்படியாயினும் மன்னர் அவருக்கு விடுதலை தந்தார். தம் நாட்டில் எங்கும் போதிக்க அனுமதியும் தந்தார். கிறிஸ்தவர்களாகிய ஒல்லாந்தர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்கு, புத்த சமயத்து மன்னர் நிழல் கொடுத்தார் என்பதை நம் பிள்ளைகள் மறக்கலாகாது.

1696-ஐ ஒட்டி கோவாவிலிருந்து துணைக் குருக்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய மருமகனாகிய யோசேப் கர்வாலோ. அடுத்த ஆண்டு கண்டியில் வைசூரி பரவிற்று. மன்னரும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டார்கள். அக்காலத்து அச்சத்தை நினைத்தால் அவர்களையும் முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. மாமனும் மருமகனுமான இரு குருக்களும் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி வந்து, காலியாகக் கிடந்த வீடுகளில் கிடத்தி, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைத் தம் கையால் குழி தோண்டிப் புதைத்தார்கள். புத்தர் என்றோ கிறிஸ்தவர் என்றோ பார்க்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு இந்தப் பணி. மழை அற்புதத்தைவிட இதுவே பெரிய அற்புதம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையே ஒல்லாந்தர் ஆட்சிக்குள்ளும் மாறுவேடத்தில் நுழைந்து வெளிவந்தார். கொழும்பு, நீர்கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வெறுங்காலோடு நடந்தார். குரு ஒருவர் ஓர் ஊருக்கு எப்போது திரும்பி வருவார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நிலைநிறுத்தினார். ஞாயிறு ஜெபம், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தல், சாகிறவருக்கு அருகிருந்து ஜெபித்தல் எல்லாம் இவர்கள் கையில். குரு வர முடியாத மாதங்களிலும் விசுவாசம் உயிரோடிருந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். கோயில் கட்டுவதற்கு முன்னரும் லயத்துக் காமிராவில் கூடி ஜெபமாலை சொல்ல அறிந்திருந்த நம் முன்னோர் இதை எங்கே கற்றார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். 1705-இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் ஞான நூல்கள் எழுதி இப்பணியை உறுதிப்படுத்தினார்.

அடிகளாரை மேற்பதவிக்கு உயர்த்த ஏற்பாடு நடந்தபோது அவர் இசையவில்லை. கோவாவுக்கும் திரும்பவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் இலங்கையில் உழைத்து, 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில், தம் அறுபதாவது வயதில் உயிர் நீத்தார். அப்போது இலங்கையில் கத்தோலிக்கர் எழுபதாயிரம் பேர் இருந்தார்கள் என்பர். அவர் வந்தபோது ஒரு குருவும் இல்லாத நாடு அது. வீர நரேந்திரசிங்க மன்னரின் காலத்தில் கண்டியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்வந்த ஆட்சியில் காற்று மாறிற்று. 1740-களில் குருக்கள் துரத்தப்பட்டார்கள், கோயில்கள் இடிக்கப்பட்டன. அடிகளாரின் கல்லறை எந்த இடம் என்று இன்று அடையாளம் காட்ட இயலவில்லை.

1995 ஜனவரி 21-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை அருளாளர் என்று அறிவித்தார். 2015 ஜனவரி 14-இல் அதே காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது புதுமையை அவர் கேட்கவில்லை. அன்று பிற்பகலே திருத்தந்தை வடக்கே மடுவுக்குச் சென்று, போரில் பிள்ளைகளை இழந்த தமிழ்க் குடும்பங்களோடும் சிங்களக் குடும்பங்களோடும் சேர்ந்து ஜெபித்தார். 1670-இல் இருபது குடும்பங்கள் சுமந்து சென்ற மாதா சுரூபம் அங்கே அவருக்கு முன் இருந்தது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அந்தச் சுரூபத்தைக் குருக்கள் மறுபடியும் சுமந்துகொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. சில மாதங்களில் அது மடுவுக்குத் திரும்பிற்று.