ஓஸ் நாட்டைப் படைத்த பிராங்க் பாம்



சூறாவளியொன்று வீட்டோடு தூக்கிச் சென்ற டோரதி என்னும் சிறுமியின் கதையை உங்களுள் சிலர் திரைப்படத்தில் கண்டிருக்கலாம். அக்கதையைப் படைத்தவர் லைமன் பிராங்க் பாம் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அவருடைய வாழ்க்கையையும், அவர் எழுதிய ஓஸ் நூல்களைப் படிக்கத் தொடங்கும் வழியையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பாம் 1856ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துச் சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். மகனோ நலிந்த உடலினர். பன்னிரண்டு வயதில் அவரைப் படைப்பயிற்சிப் பள்ளியொன்றில் சேர்த்தனர். அங்கிருந்த கடுமை அவருக்கு ஒத்துவரவில்லை. ஈராண்டுகளில் வீடு திரும்பினார். தந்தையார் வாங்கித் தந்த சிறிய அச்சுப்பொறியைக் கொண்டு, தம்பியோடு சேர்ந்து வீட்டிலேயே ஓர் இதழை அச்சிட்டு மகிழ்ந்தார்.

வளர்ந்தபின் அவர் கைவைத்த தொழில்கள் பல. நாடகம் எழுதினார், தாமே நடித்தார். உயர்ந்த இனக் கோழிகளையும் வளர்த்தார். 1886இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் கோழிகளைப் பற்றியதே என்றால் வியப்பாக இல்லையா? 1882இல் மாட் கேஜ் என்னும் நங்கையை மணந்தார். 1888இல் குடும்பத்தோடு டக்கோட்டா பகுதிக்குச் சென்று, அபர்தீன் என்னும் ஊரில் கடை வைத்தார். வறட்சியால் உழவர் கையில் பணமில்லை. கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தார் பாம். 1890இல் கடை மூடப்பட்டது. அடுத்து நடத்திய செய்தித்தாளும் 1891இல் கைவிட்டுப் போயிற்று.

ஒருவருடைய சிறப்பைக் கூறுமிடத்து அவர் குறையையும் மறையாது கூறுதலே நேர்மை. அச்செய்தித்தாளில், அந்நிலத்தின் பழங்குடியினரான சூ மக்களை அழித்துவிட வேண்டும் எனப் பாம் கொடுமையாக எழுதினார். 2006இல் அவருடைய வழித்தோன்றல்கள் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரினர். எழுதியவர் மறைந்தாலும் எழுத்து மறைவதில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பின்னர்ப் பாம் சிகாகோ நகரில் குடியேறி, பீங்கான், கண்ணாடிப் பொருள்களை ஊர் ஊராகச் சென்று விற்கும் விற்பனையாளரானார். வீட்டில் இருக்கும் வேளைகளில் தம் புதல்வர் நால்வருக்கும் கதைகள் சொல்வார். அவற்றைக் கேட்ட மாமியார் மெட்டில்டா கேஜ், கதைகளை எழுதி வைக்குமாறு வற்புறுத்தினார். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அம்மையார் அவர். மருமகனும் அவ்வறிவுரையை ஏற்றார். 1897இல் முதல் சிறுவர் நூல் வெளிவந்தது. ஓஸ் கதையின் கையெழுத்துப் படியை 1899ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் எழுதி முடித்ததும், எழுதித் தேய்ந்த பென்சில் துண்டைச் சட்டமிட்டு வைத்துக்கொண்டார். 1900இல் டென்சுலோ வரைந்த வண்ணப் படங்களோடு நூல் வெளிவந்தது. அப்போது பாமுக்கு வயது நாற்பத்து நான்கு.

பாம் எழுதிய ஓஸ் நூல்கள் பதினான்கு. புதிதாகப் படிப்போர் 1900ஆம் ஆண்டு நூலிலிருந்தே தொடங்குதல் நன்று. அதில் மூளை வேண்டும் வைக்கோல் மனிதனும், இதயம் வேண்டும் தகர மனிதனும், வீரம் வேண்டும் சிங்கமும் டோரதியோடு மரகத நகருக்குச் செல்கின்றனர். தாம் தேடியவை முன்பே தம்மிடம் இருந்ததை அவர்கள் அறியவில்லை. வழியில் அவர்கள் செய்யும் செயல்களைக் கூர்ந்து படித்தால் நீங்கள் அறிவீர்கள். திரைப்படத்தில் டோரதியின் காலணி சிவப்பு. நூலில் அது வெள்ளி. 1904இல் வந்த இரண்டாம் நூலில் டோரதி இல்லை. டிப் என்னும் சிறுவன் வருகிறான். 1907இல் வந்த மூன்றாம் நூலில் டோரதி பேசும் கோழியொன்றோடு திரும்புகிறாள். கோழி வளர்த்தவரல்லவா கதை எழுதியவர்! 1910இல் வந்த ஆறாம் நூலில், கடனால் பண்ணையை இழக்கவிருந்த டோரதியின் மாமாவும் அத்தையும் ஓஸ் நாட்டிலே குடியேறுகின்றனர். கடனின் துயரைப் பாம் கண்ணாரக் கண்டவர்.

அந்நூலோடு வரிசையை முடிக்கவே அவர் கருதினார். ஆனால், ஓஸ் கதைகளைப் படங்களோடு மேடையேற்றியதில் பெரும்பொருளை இழந்து, 1911இல் நொடித்துப் போனார். கதை தொடரவேண்டும் எனச் சிறுவர்களும் கடிதம் எழுதிய வண்ணம் இருந்தனர். 1913 முதல் மீண்டும் எழுதினார். 1919ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மறைந்தார். இறுதி நூல் 1920இல் வெளிவந்தது.

செல்வங்களே, கடையும் செய்தித்தாளும் அழிந்தன. பிள்ளைகளுக்குச் சொன்ன கதையே நிலைத்தது. அதுவும் எழுதி வைத்ததனால் நிலைத்தது. உங்கள் தாத்தாவும் பாட்டியும் கதை சொல்வார்களாயின், இவ்விடுமுறையில் அவற்றைக் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். பள்ளி திறந்ததும் அவ்வேட்டைக் காண நாம் ஆவலோடு காத்திருப்போம்.