யார் இந்த 'சாண்டோ'? லேசான டம்பெல்லை ஊருக்கு விற்ற பலசாலி. ஜிம்மில் எடையை எப்போது கூட்ட வேண்டும்?

தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' என்று ஒரு பட்டம் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அது நிஜத்தில் ஒரு மனிதரின் பெயர். ஜிம்மில் சேரும் எல்லோரும் குழம்புகிற ஒரு கேள்வியை 125 வருஷத்துக்கு முன்பே அட்டவணை போட்டு விற்றவர் அவர். எடையை எப்போது கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது என்பதுதான் அந்தக் கேள்வி.

பிரஷ்யா டூ லண்டன்

1867 ஏப்ரல் 2-ம் தேதி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) பிறந்தார். இயற்பெயர் ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். யூஜின் சாண்டோ என்பது மேடைக்காக வைத்துக்கொண்டது. பிரஸ்ஸல்ஸில் 'புரொஃபசர் அட்டிலா' என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்த பிறகுதான் கனமான எடைகளைத் தூக்கி வளர்ந்தார். அந்தக் கால பார்பெல்லின் இரு முனையிலும் வெற்று உருண்டைகள் இருக்கும். உள்ளே மணலோ ஈயக் குண்டோ போட்டு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இன்றைய பிளேட்டுக்குத் தாத்தா!

1889-ல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பலசாலியைத் தோற்கடித்ததும் ஒரே ராத்திரியில் ஸ்டார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சி, அடுத்த வருஷம் எடிசனின் கேமரா முன்பு போஸ். 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயில். பிறகு உலகச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார்.

அட்டவணையில் என்ன இருந்தது?

1897-ல் வெளியான அவருடைய பயிற்சிப் புத்தகம் பொதுமக்களிடம் கொடுத்தது நாலைந்து பவுண்டு டம்பெல்தான். அதாவது சுமார் 2 கிலோ. வயதுக்கு ஏற்றபடி எத்தனை முறையில் தொடங்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் கூட்டுவது என்று அதில் அட்டவணைகள் உண்டு. பின்னர் ஸ்பிரிங் வைத்த டம்பெல்லும் விற்றார். பழகப் பழக ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு சின்ன நெருடல். அவர் உடம்பு வளர்ந்தது கனமான எடையில். ஊருக்கு விற்றது லேசான டம்பெல். கனமான எடைக்கும் புத்தகத்தில் தனிப் பகுதி இருந்தது உண்மைதான். ஆனால் 2 கிலோவைத் தூக்கினால் சாண்டோ ஆகலாம் என்று நம்பியவர்கள் நிறைய.

அப்போ அது பொய்யா?

முழுப் பொய் இல்லை. லேசான எடையிலும், இனி ஒரு முறைகூட முடியாது என்கிற நிலைக்குப் பக்கத்தில் போனால் தசை வளரும் என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. பிரச்சினை, அதே 2 கிலோவை 100 முறை தூக்க ஆரம்பித்தால் அது தசையைவிட அதிகமாகத் தாங்கும் திறனைத்தான் வளர்க்கும். எண்ணிக்கை ஒரு எல்லையைத் தொட்டதும் எடை ஏறியாகணும்.

இதை மருத்துவ முறையாக்கியவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கான முறை அது. 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடிப்பார். அதில் பாதி, முக்கால், முழுசு என மூன்று சுற்று. தெம்பு கூடக் கூட எடையும் கூடும்.

இப்போதைய கணக்கும் எளிமையானதுதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009 பரிந்துரைப்படி, குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் செய்ய முடிந்தால் 2 முதல் 10 சதவீதம் எடை ஏற்றலாம். 40 கிலோ பெஞ்ச் பிரஸ்ஸில் 8 முதல் 12 என்று வைத்திருக்கீங்களா? எல்லாச் சுற்றிலும் 12 வந்த பிறகு 42.5 கிலோ. அது 6 சதவீதம்தான். ஆனால் 5 கிலோ டம்பெல்லிலிருந்து 7.5-க்குத் தாவினால்? ஒரேயடியாக 50 சதவீதம்! இப்படித் தாவினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளலாம். சின்ன எடைகளில் 15, 18 வரை எண்ணிக்கையை ஏற்றிவிட்டு அப்புறம் மாறுவது நல்லது. அந்த இடத்தில் சாண்டோவின் பழைய அட்டவணை இன்றும் வேலை செய்யும்.

1925 அக்டோபர் 14-ம் தேதி, 58 வயதில் லண்டனில் இறந்தார். பள்ளத்தில் சிக்கிய காரை ஒற்றை ஆளாகத் தூக்கியதால்தான் என்று ஒரு கதை இன்றும் ஓடுகிறது. புட்னி வேல் கல்லறையில் பல பத்தாண்டுகள் பெயர்கூட இல்லாமல் கிடந்தார். மிஸ்டர் ஒலிம்பியா வெல்பவர் கையில் ஏந்தும் கோப்பை, டம்... சாரி, பார்பெல் பிடித்து நிற்கும் அவருடைய சிலைதான்.