மரத்து மேலே ஒரு கிளாஸ் ரூம்: கொல்லிமலை ஈவ்லின் பிராண்ட்

உங்க வீட்டு எல்.கே.ஜி வாண்டு அஞ்சு நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார மாட்டேங்குதா? மிஸ் டைரியில் புகார் எழுதி அனுப்பியாச்சா? அப்போ, நூறு வருஷத்துக்கு முன்னால் கொல்லிமலையில் பிள்ளை வளர்த்த ஈவ்லின் பிராண்டை நீங்க தெரிஞ்சுக்கணும்.

1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம். ஓவியம்னா அவருக்கு உயிர். மிஷனரியாகத் தமிழ்நாடு வந்து, 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, கொல்லிமலையின் வாழவந்தியில் குடியேறினார். இன்னிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுதே, அந்த ரோடு அப்போ கிடையாது. நடக்கணும், இல்லைன்னா டோலி. 1914-ல் மகன் பால் பிறந்தான், அடுத்து மகள் கோனி.

பிள்ளைகளுக்கு அம்மாதான் டீச்சர். ஆனா, பாலுக்கு நாற்காலி ஆகாது. மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடுவான். போட்ட தாளை மேலிருந்து கீழே போட, அம்மா எடுத்துத் திருத்துவார். பையனை இறக்கி உட்கார வைக்கலை, பாடத்தை மேலே அனுப்பிட்டார்! ஒண்ணைக் கவனிங்க. எங்கே உட்கார்வது என்பதில்தான் சலுகை. கணக்கு தப்புன்னா தப்புதான்.

கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்கே குழந்தைகளின் தோட்டம்னுதான் அர்த்தம். 1840-ல் அந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரோபெல். மரியா மான்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது 1939-ல். அதுக்கெல்லாம் வெகு முன்னாடியே வாழவந்தியில் மரமே வகுப்பறை.

அப்பா ஜெஸ்ஸி சொல்லித்தந்தது வேற மாதிரி. காட்டுக்குள் கூட்டிப்போய் கரையான் புற்றைக் காட்டுவார். உள்ளே என்ன நடக்குதுன்னு பையன் பார்க்கணும், அவ்வளவுதான்.

அடுத்து வருவதுதான் எனக்கு இடிக்குது. 1923-ல் பிள்ளைகளை இங்கிலாந்து கூட்டிப்போய், படிப்புக்காக உறவினர் வீட்டில் விட்டுவிட்டு பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு வயசு 9. மரத்தில் படித்த பையன் லண்டன் பெஞ்சில் தவித்தான். அந்தக் கால வெள்ளைக்கார மிஷனரி குடும்பங்களில் இது சகஜம்தான். சகஜம் என்பதால் வலி குறைஞ்சிடுமா?

கொல்லிமலையிலிருந்து அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மரம், பூச்சி, மலைதான். 1929-ல் மலேரியாவை ஒட்டிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி முதலில் வந்தது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வந்தன. துயரத்தோடு ஊர் வந்த ஈவ்லினைத் துறைமுகத்தில் பார்த்த மகனுக்கு, கூனிப்போன இந்த அம்மாவை அடையாளமே தெரியவில்லை.

அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி-யின் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால்தான் காயமாகித் தேய்கிறது என்று நோயாளிகளின் கைகளைப் பார்த்துப் பார்த்தே கண்டுகொண்டவர். கரையான் புற்றைப் பார்த்த அதே கண்.

ஈவ்லின்? 70-ஐ நெருங்கும்போது, வயசாச்சுன்னு மிஷன் அவரை மலைக்கு அனுப்ப மறுத்தது. தன் பொறுப்பிலேயே ஏறிவிட்டார். இரண்டு மூங்கில் தடி ஊன்றியும் மட்டக்குதிரையிலும் ஊர் ஊராகப் போனார். கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டார். 1974-ல், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.