கொசுவை விடாத டாக்டர்



காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் புலிக்குப் பயந்ததைவிடக் குளிர்காய்ச்சலுக்குப் பயந்ததே அதிகம். லயம் லயமாக ஆட்களைச் சாய்த்த அந்த மலேரியா எப்படிப் பரவுகிறது என்று கண்டறிந்தவர் டாக்டர் ரொனால்ட் ரோஸ். அவர் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், வட இந்தியாவில் அல்மோரா என்னும் மலையூரில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. பையனுக்கோ ஓவியத்திலும் கவிதையிலும்தான் நாட்டம். தந்தை சொல்லைத் தட்ட முடியாமல் லண்டனில் மருத்துவம் படித்தார். பரீட்சை ஒன்றில் தோற்று, மறுமுறை எழுதித்தான் தேறினார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

கெட்ட காற்றுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். 1894இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர், கொசுவின் மேல் தமக்குள்ள சந்தேகத்தை ரோஸிடம் சொன்னார். இந்தியா திரும்பிய ரோஸ், இரண்டு வருஷம் கொசு கொசுவாக அறுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் பார்த்ததெல்லாம் வேறு இனக் கொசு! செக்கந்திராபாத் வெயிலில் விசிறியும் போட முடியாது, கொசு பறந்துவிடும். வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணி துருப்பிடித்தது. மனிதர் விட்டாரா? இல்லை.

ஹுசேன் கான் என்ற நோயாளி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா வீதம் வாங்கிக்கொண்டு தம்மைக் கடிக்கவிட்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமி தென்பட்டது! மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கொசுக்கடியால் நோய் பரவுவதை நிரூபித்தார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு டாக்டருக்குத்தான், ஆனாலும் கடியை வாங்கிய அந்த ஏழையையும் நாம் மறக்கலாகாது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1901இல் நம் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன், ரோஸ் கண்டதை நம்பிப் புதர்களை வெட்டச்செய்து, சதுப்பு நீரை வடியவைத்தார். கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்திலும் அவ்வாண்டு காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். 1905இல் 45 பேர்தான்!

ரோஸ் 1932இல் காலமானார். கொசு இன்னும் ஒழியவில்லை. வேறொரு கொசு டெங்கிக் காய்ச்சலைக் கொண்டுவருகிறது. ஆகவே பெற்றோர்களே, வீட்டுப் பின்புறம் கிடக்கும் டின்னையும் பழைய டயரையும் வாரந்தோறும் பாருங்கள். நீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

மாணவர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒருமுறை தோற்றவர்தான் உலகப் பரிசை வாங்கினார். விடாமல் முயலுங்கள்!